வால் பக்கத்துச் சங்கிலி

கரண்ட் எப்போது வரும் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் ஊரில் அபூர்வம். காய்கறிக் கடையில் கேட்பார்கள். கல்யாண வீட்டில் கேட்பார்கள். பல் டாக்டர் ஒருவர் இடுக்கியை என் வாய்க்குள் வைத்துக்கொண்டே கேட்டார். என்ன பதிலை எதிர்பார்த்தாரோ தெரியாது. துணைமின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக உட்கார்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி பழகிவிட்டது, எரிச்சல்தான் குறையவில்லை. புயல் அடித்து ஓய்ந்த அந்தக் காலையில் அதே கேள்வி என் வீட்டிலிருந்தே வந்தது.

என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மலைமேல் அணை இருக்கிறது. அங்கே தண்ணீர் குழாய் வழியாக விழுந்து சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் சுற்றினால் மின்சாரம். அது பெரிய பெரிய கோபுரங்களின் மேல் காடு மேடு தாண்டி எங்கள் நிலையத்துக்கு வரும். வருகிற வேகத்தில் அதை ஊருக்குள் விட்டால் ஊர் சாம்பலாகிவிடும். நாங்கள் அழுத்தத்தைக் குறைத்து, சில பாதைகளாகப் பிரித்து அனுப்புகிறோம். ஒவ்வொரு பாதைக்கும் பீடர் என்று பெயர். பீடர் தெருத்தெருவாகப் போய் டிரான்ஸ்பார்மரில் இறங்கும், அங்கிருந்து கம்பம், கம்பத்திலிருந்து வீடு. மலையில் தண்ணீர் விழுவதற்கும் உங்கள் வீட்டு விசிறி சுற்றுவதற்கும் இடையில் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. நடுவில் ஒரு முழம் கம்பி அறுந்துவிட்டால் போதும், காலத்துக்கும் வராது.

அன்றைக்கு எல்லாம் தலைகீழ். ராத்திரிப் புயலில் பாதி பீடர்கள் படுத்துவிட்டன. அணை நிரம்பி வழிகிறது. அணை மின் நிலையத்திலிருந்து ஒருவர் போன் மேல் போன் போட்டு, இத்தனை மெஷினையும் ஓட்டிவிட்டு வாங்க ஆள் இல்லாமல் நிற்கிறோம், கொஞ்சம் லோடு எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கூவிக் கூவி விற்றார். சாயங்காலம் கீரைக்கட்டு மிஞ்சிப்போனவர் குரல் அது. எடுத்துக்கொள்ள எனக்கு மட்டும் ஆசை இல்லையா? என் தலைக்குப் பின்னால் மின்மாற்றி உறுமிக்கொண்டிருந்தது, ஊரையே கொளுத்திப்போடும் அளவுக்கு மின்சாரம் வாசல்வரை வந்து நின்றது. மேற்கு பீடரின் கடைசித் தெருவில் என் அக்கா மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

அக்கா என்னை வளர்த்தவள். அம்மா போன பிறகு நூல் ஆலையில் சேர்ந்து என்னை டிப்ளமோ படிக்க வைத்தாள். பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான் அவள் சம்பாதித்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷமாக ஆக்ஸிஜன் மெஷின்தான் அவளுக்கு மூச்சு. கரண்டில் ஓடுகிற சின்னப் பெட்டி அது, மூக்கில் குழாய் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு அக்கா வைத்த பெயர் மாப்பிள்ளை. ராத்திரி முழுக்கக் குறட்டை விடுகிறான், ஒரு பைசா சம்பாதிக்கிறதில்லை, ஆனா விட்டுட்டு இருக்க முடியல என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும், இருமல் வந்தால் நான் திட்டுவேன்.

கரண்ட் நின்று ராத்திரியே வெகுநேரம் ஆகியிருந்தது. இன்வெர்ட்டர் விடியும்வரை தாக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர். காலையில் என் வீட்டுக்காரர் போன் செய்து, சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் தெருமுனையில் மரம் விழுந்து கிடக்கிறது வரமுடியாது என்கிறார்கள், கரண்ட் எப்போ வரும் என்று கேட்டார். அவர் தையல்காரர். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணை மூடிக்கொண்டுகூட முடியும், பல்பு மாற்ற மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார். இப்படி ஒரு மனிதரிடம் அக்காவை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. எனக்கு மாற்றாக வரவேண்டியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். துணைமின் நிலையத்தை ஆள் இல்லாமல் விட்டுப் போக முடியாது. கம்பி வேலைக்காக மற்றவர்கள் கம்பத்தில் நிற்கும்போது எழுந்து போனால் அது கொலை.

எப்படியாவது ஒரு ஜெனரேட்டர் பிடியுங்கள் என்று சொன்னேன். அடுத்த தெருவில் விசேஷங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் இருக்கிறார், காலில் விழுந்தாவது வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் சரி என்பதற்குள் லைன் போய்விட்டது. செல்போன் கோபுரங்களுக்கும் கரண்ட் வேண்டுமே, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

மேற்கு பீடரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் லைன்மேன், பட்டப்பெயர் ரெட்டைச் சங்கிலி. அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. அறுந்த கம்பியைத் தொடுவதற்கு முன்னால் லைன்மேன்கள் அதன்மேல் ஒரு சங்கிலியை வீசிப் போடுவார்கள். சங்கிலியின் ஒரு முனை மண்ணில் அடித்த கம்பியோடு சேர்ந்திருக்கும். தப்பித்தவறி கம்பியில் கரண்ட் வந்தால் அது ஆளை விட்டுவிட்டுச் சங்கிலி வழியாக மண்ணுக்குப் போய்விடும். எல்லோரும் கரண்ட் வருகிற பக்கம் ஒரு சங்கிலி போடுவார்கள். இவர் மட்டும் அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம், அதாவது வீடுகளுக்குப் போகிற வால் பக்கமும் ஒன்று போடுவார். வாலிலிருந்து எங்கேயாவது கரண்ட் வருமா அண்ணே, வால் ஆடத்தான் செய்யும் என்று எல்லோரும் ஓட்டுவோம். நானும் ஓட்டியிருக்கிறேன். அவர் பதில் சொல்லமாட்டார், சங்கிலியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். லைன்மேன் கம்பத்தில் ஏறவேண்டும் என்றால் முதலில் என்னிடம் லைன் கிளியர் வாங்கவேண்டும். நான் அந்தப் பீடரின் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தி, லைனை மண்ணோடு இணைத்து எர்த் போட்டு, இனி இது செத்த லைன், உன் பொறுப்பு என்று கொடுப்பேன். வேலை முடிந்து அவரே வாய்திறந்து திருப்பிக் கொடுக்கும்வரை அமைச்சரே வந்து நின்றாலும் பிரேக்கரை மூடிக் கரண்ட் விடமாட்டேன். வேறொரு நிலையத்தில் ஒருமுறை ஆள் மாறிப் பதில் சொல்லி, மேலே நின்ற ஒருவர் கருகிப்போனார். அதற்குப் பிறகு ரெட்டைச் சங்கிலி அண்ணன் தன் வீட்டுச் சாவியை என் பேனலில் அந்தப் பிரேக்கரின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அதைப் பார்த்து மற்றவர்களும் மாட்ட ஆரம்பித்தார்கள். பூட்டு இல்லை, சட்டம் இல்லை. ஆனால் கைப்பிடியைத் தொட வேண்டுமானால் சாவியை எடுக்கவேண்டும், எடுக்கும்போது யார் வீடு என்று நினைவுக்கு வந்துவிடும். அன்றைக்கு மேற்குக் கைப்பிடியில் அவர் சாவி தொங்கியது, பித்தளைச் சாவி, கூடவே அவர் பெண் பள்ளிக்கூடத்தில் செய்து கொடுத்த துணிப்பூ. வடக்கிலும் ஆற்றோரப் பீடரிலும் வேறு இரண்டு பேர் சாவிகள் தொங்கின.

வெயில் ஏற ஆரம்பித்தபோது அவர் கூப்பிட்டார். பாலத்துக்கிட்டே கம்பிமேல் கிடந்த மரத்தை வெட்டித் தள்ளியாயிற்று, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்றார். கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் மேற்குப் பக்கம் முழுக்க அந்த நிமிஷமே வெளிச்சம் வந்திருக்கும். எங்கள் தெருவின் கடைசி மூன்று வீடுகளுக்கு மட்டும் வந்திருக்காது. எங்கள் வீட்டுக்கு முந்தின கம்பத்தில் கம்பி அறுந்து தரையில் கிடந்தது. டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டுத் தனியாக அதை ஒட்டலாம் என்றால், டிரான்ஸ்பார்மரைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். பீடர் செத்துக் கிடக்கும்போதே ஒட்டினால்தான் உண்டு. திருப்பித் தராதீங்கண்ணே, முதலில் எங்கள் தெருவை ஒட்டிவிட்டு அப்புறம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஊர் பாதி என் அக்காவுக்காகக் காத்திருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது, அதில் வெட்கப்படவும் எனக்கு அப்போது நேரமில்லை. எஞ்சினியர் கேட்டால் லைன் கிளியர் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை.

அவருக்கு அக்காவைத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதோ பத்து எட்டில் போய்விடுகிறேன் என்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அந்த ரெண்டாவது சங்கிலிக்கு மண்ணுல கம்பி அடிச்சு, அதைக் கட்டி, நேரம் போகும். இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. பீடரை நானே எர்த் பண்ணியிருக்கேன், உங்க சாவி என் கண்ணு முன்னாடி தொங்குது. லைன் செத்துக் கெடக்கு, நான் சொல்றேன்ல."

போனில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, நீ பதறாத" என்றார். அது எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை.

கண்ட்ரோல் ரூமில் மூன்று அடி நடந்தால் சுவர் வந்துவிடும். அப்படியே நடந்துகொண்டிருந்தேன். எஞ்சினியர் போன் செய்து மேற்கு ஏன் இன்னும் எடுக்கவில்லை, தண்ணீர்த் தொட்டி காலி, ஜனங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார்கள் என்று குதித்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அணைக்காரர் மறுபடியும் கூவினார். அவரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

அப்போதுதான் வீட்டிலிருந்து போன். வீட்டுக்காரர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை. ஜெனரேட்டர் வந்துவிட்டது, மைக்செட்காரரே தள்ளிக்கொண்டு வந்து மாட்டிக்கொடுத்தார், மெஷின் ஓடுகிறது, அக்கா கண் திறந்துவிட்டாள் என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் நாற்காலியில் விழுந்தேன். போனை அக்கா காதில் வைத்தார்.

"கழுதை," என்றாள் அக்கா. இரண்டு மூச்சு விட்டுக்கொண்டு, "மாப்ள வந்துட்டான்" என்றாள்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேசாதே, படு என்று அவளை அதட்டினேன். போனை வாங்கிய வீட்டுக்காரர் இன்னும் பூரிப்பு அடங்காமல், மெஷின் மட்டுமில்லை, அடுப்படி லைட்டு எரியுது, ஹால்ல விசிறி சுத்துது, வீடு முழுக்கக் கரண்ட் வந்துடுச்சு தெரியுமா என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எப்படி மாட்டினாரு?"

"ரெண்டு பக்கமும் பிளக்கு வச்ச வயரும்மா. ஒரு முனை ஜெனரேட்டர்ல, ஒரு முனை நம்ம பின்வாசல் பிளக்குல. அவ்வளவுதான், வீடு முழுக்க."

"மெயினை இறக்கினீங்களா? மெயின் சுவிட்சை..."

லைன் போய்விட்டது.

வீட்டுக்குள் எந்தப் பிளக்கில் கரண்டைச் செருகினாலும் அது வீட்டோடு நிற்காது. மெயின் சுவிட்ச் போட்டிருந்தால் மீட்டர் வழியாகத் திரும்பி வாசலுக்கு வந்து, கம்பத்துக்கு ஏறி, தெருக் கம்பிக்குப் போய்விடும். வழக்கமாக அந்தச் சின்ன ஜெனரேட்டரால் தெரு முழுக்க இழுக்க முடியாது, திணறி நின்றுவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டோடு கம்பி அறுந்து கிடந்தது. அந்த வாலில் மூன்று வீடு, ஒன்று பூட்டிக் கிடந்தது, இன்னொன்றில் புயலுக்குப் பயந்து மெயினை இறக்கியிருந்தார்கள். எங்கள் வீடு மட்டும்தான் பாக்கி. ஜெனரேட்டர் சுகமாக ஓடும். தரையில் கிடக்கிற அந்த அறுந்த கம்பியின் வால் முனையில் ஆளைக் கொல்கிற கரண்ட் நிற்கும். அந்த முனையைத்தான் ரெட்டைச் சங்கிலி அண்ணன் கையால் எடுத்து ஒட்டப்போகிறார். சங்கிலி போடாதே என்று சொன்னது நான். லைன் செத்துக் கிடக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதும் நான்தான்.

ஜெனரேட்டர் மாட்டுமுன் மெயினை இறக்கவும் என்று எங்கள் நிலையத்து வெளிச்சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது. ஊரில் யார் ஜெனரேட்டர் வைத்திருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வருகிறவள் நான். என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெனரேட்டர் பிடியுங்கள் என்று சொன்னபோது என் மனசில் அக்காவைத் தவிர யாரும் இல்லை.

வீட்டுக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அண்ணனுக்குப் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. கம்பத்தில் ஏறும்போது போனைக் கீழே பையில் வைத்துவிட்டு ஏறுவது அவர் பழக்கம். எதிர்வீட்டுக்குப் போட்டேன். மைக்செட்காரர் எண் என்னிடம் இல்லை. மறுபடி அண்ணனுக்கு, மறுபடி வீட்டுக்கு. மேற்குக் கைப்பிடியில் அந்தத் துணிப்பூ விசிறிக் காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் தொட்டால் என்ன நடக்கும், தொடாவிட்டால் என்ன நடக்கும் என்று பைத்தியம்போல் யோசித்தேன். இத்தனை சுவிட்ச் இருக்கிற அறையில் அந்த ஜெனரேட்டரை நிறுத்த ஒரு சுவிட்ச் இல்லை.

அண்ணன் பெண் பத்தாவது படிக்கிறாள். போன மாதம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னைப் பார்த்து, ஆன்ட்டி நீங்கதான எங்கப்பா சாவியை வச்சிருக்கிறவங்க என்று கேட்டாள். அது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. கடவுளே, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படியே இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது: ஜெனரேட்டர் நிற்கவும் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் வேண்டிக்கொண்டேன்.

பிறகு போன் வந்தது. வீடு.

டமார் என்று ஒரு சத்தம், ஜெனரேட்டர் நின்றுவிட்டது, புகையாக வருகிறது, இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள் ஓடவில்லை, உள்ளே ஏதோ கருகிவிட்டதாம், மெஷினும் நின்றுவிட்டது என்று அவர் அழுதார். எனக்கு அந்த டமார் மட்டும்தான் காதில் விழுந்தது. கம்பத்தைப் பாருங்கள், கம்பத்தில் அவர் இருக்கிறாரா என்று கத்தினேன்.

"இருக்காரு. மேல நிக்கிறாரு. கம்பியை இழுத்துக் கட்டுறாரு."

"தெருவுல கம்பிமேல சங்கிலி கெடக்கா? நம்ம வீட்டுப் பக்கம்?"

"கெடக்குது. ஏன்?"

போன உயிர் திரும்பி வந்தது. என் பேச்சைக் கேட்கவில்லை அந்த மனுஷன். சரிம்மா என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் வால் பக்கமும் சங்கிலியை வீசியிருக்கிறார். ஜெனரேட்டரின் மொத்தக் கரண்டும் சங்கிலியில் பாய்ந்து மண்ணுக்குப் போய், ஜெனரேட்டர் கருகி நின்றிருக்கிறது. அவர் கை தப்பித்தது. அக்காவின் மெஷின் நின்றுவிட்டது. இரண்டையும் செய்தது ஒரே சங்கிலிதான்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். உதடு நீலமாகிறது, நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். தலையைத் தூக்கி உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், விசிறுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னேன். அவர் நடுவில் மறித்தார்.

"நான் வாசலுக்குப் போய் அவர்கிட்ட சொல்லட்டுமா? அக்காவுக்கு முடியல, சீக்கிரம் முடிங்கன்னு?"

ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அவருக்குத் தெரிந்தால் பறப்பார். கடைசி முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு இறங்குவார், சங்கிலியை அவிழ்க்க மறந்து லைன் கிளியரைத் திருப்பிக் கொடுப்பார், இல்லை, கால் வழுக்கி மேலேயிருந்து விழுவார். ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் ஒருமுறை அவசரப்படுத்தியாயிற்று.

"வேணாம்," என்றேன். "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. மேல நிக்கிற ஆளை அவசரப்படுத்தக் கூடாது. நீங்க அக்காகிட்டயே இருங்க."

"ஏம்மா, அக்கா..."

"நான் சொல்றதைக் கேளுங்க."

இதைச் சொன்ன வாய் என் வாய்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. லைன் மறுபடி போனது, இந்த முறை போனதே நல்லது என்று இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கும் அந்த எண்ணிக்கை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா ஆலையிலிருந்து வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சாக இருக்கும், கிழவி வந்துட்டேன்டி என்று சொல்லிக்கொண்டு வருவாள். அதை நினைத்தேன். அந்தச் சங்கிலி இல்லாமலிருந்தால் என்றும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு நொடி அவர் செத்தாலும் பரவாயில்லை என்கிற இடத்தில் நான் நின்றேன். துணிப்பூவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. ஒட்டியாயிற்று, லைன் கிளியர் ரிட்டர்ன் என்றார். எழுந்து பேனல் முன்னால் போய் நின்றேன். அப்படியே மூடிவிடலாம். மூடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஆளு?"

"நான் ஒருத்தன்தான். எறங்கிட்டேன்."

"முன் பக்கத்துச் சங்கிலி?"

"எடுத்தாச்சு."

"வால் பக்கத்துச் சங்கிலி?"

"தோள்ல கெடக்கும்மா," என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

எர்த்தை எடுத்தேன். சாவியைக் கைப்பிடியிலிருந்து கழற்றினேன். பிரேக்கரை மூடினேன். தொம் என்று அந்தச் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்தது. மேற்கு பீடரின் முள் துள்ளி ஏறி, கொஞ்சம் இறங்கி, நடுங்கி நின்றது. தண்ணீர் மோட்டார்கள், பிரிட்ஜுகள், விசிறிகள், மாவு மில் எல்லாம் சேர்ந்து இழுத்தன. அந்த முள் காட்டுகிற கணக்கில் எங்கள் வீட்டு மெஷினும் எங்கேயோ இருந்தது. அதில் மூச்சு வாங்க ஆள் இருக்கிறாளா இல்லையா என்று முள்ளுக்குத் தெரியாது.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல சேதி என்றால் உடனே வரும். வரவில்லை. கடைசியில் வந்தபோது வீட்டுக்காரர் பேசவில்லை. போனில் மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது. உர்ர் என்று ஒரே சீரான குறட்டை. மாப்பிள்ளை வந்துவிட்டான். நான் எவ்வளவோ நேரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு, அதை நிறுத்திடுங்க என்று சொன்னேன். அவர் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்து அண்ணன் சாவி வாங்க வந்தார். முழங்கால்வரை சேறு, முகத்தில் மரத்தூள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். வால் பக்கம் சங்கிலி வேண்டாம் என்று சொன்னாயே, போட்டேன் பார், தீபாவளி மாதிரி பொறி பறந்தது, எவனோ ஒரு புண்ணியவான் ஜெனரேட்டரை மாட்டிவிட்டு மெயினை இறக்காமல் விட்டிருக்கிறான், அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் தோலை உரித்துவிடுகிறேன் என்றார். பாலத்துப் பக்கம் இன்னொரு மரம் விழுந்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டதால், ஒட்டி முடித்த கையோடு அங்கே ஓடியிருக்கிறார். எங்கள் வீட்டு வாசலை எட்டிப் பார்க்கவில்லை.

"எங்க வீடுதாண்ணே," என்றேன்.

அவர் வாசலிலிருந்து உள்ளே வந்தார். மெதுவாகத் தோளிலிருந்து சங்கிலிகளை இறக்கித் தரையில் வைத்தார், சத்தம் வராமல்.

"அக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அவருக்குப் புரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப, நான் போட்ட சங்கிலியாலதானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தைதான். எங்கள் தொழிலில் அது வழக்கமில்லை, கம்பத்தில் ஏறுகிறவரிடம் பொய் சொல்லக்கூடாது. அன்றைக்கு ஒருமுறை சொல்லியும் ஆயிற்று.

"ஆமாண்ணே. நான் போடாதீங்கன்னு சொன்ன சங்கிலி. போட்டீங்க, நல்லவேளை."

சாவியை அவர் கையில் வைத்தேன். அண்ணி காத்திருப்பார்கள், வீட்டுக்குப் போங்கள் என்றேன். அவர் கையில் அதை வைத்துக்கொண்டு துணிப்பூவின் மேல் ஒட்டிய சேற்றை விரலால் துடைத்தார். மாற்று ஆள் எப்போ வருவார் என்று கேட்டார். ஆறு வடியணும் என்றேன். வடக்குக் கைப்பிடியிலும் ஆற்றோரக் கைப்பிடியிலும் இன்னும் இரண்டு சாவிகள் தொங்கின, அவர்கள் இறங்கும்வரை நான் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

மேஜையில் போன் அடித்தது. அணைக்காரர். மேற்கு எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறதே, ரொம்ப நன்றி, இன்னும் கொஞ்சம் எடுங்களேன் என்றார். வடக்கு வந்ததும் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் எழுந்து நின்றிருந்தார். நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் என் கைப்பை தொங்கியது. அதன் வாரில் தன் வீட்டுச் சாவியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும்மா. உன்னை அக்காகிட்ட கொண்டுபோய் விட்டுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு, வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.